மில்லில் ஓடும் சாஃப்ட்வேருக்கு லாக் எழுத ஆரம்பிப்பது எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் விளங்கும். மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு எடைமேடை பில் போடும் சாஃப்ட்வேரைப் பைத்தானில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் ஓட்டும்போது பிரிண்ட் கட்டளை போட்டுப் போட்டு, மதிப்புகளைத் திரையில் பார்த்துச் சரிசெய்தீர்கள். மில்லில் நிறுவிய பிறகு "நேற்று ராத்திரி ஏதோ எரர் வந்துச்சு தம்பி" என்று போன் வருகிறது, என்ன எரர் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை, உங்களுக்கும் பார்க்க வழியில்லை. புரோகிராம் ஓடும்போது நடப்பதை ஃபைலில் வரிவரியாகக் குறித்து வைக்க (அந்தக் குறிப்புதான் லாக்) லாகிங் லைப்ரரி என்று ஒன்று இருக்கிறதாமே, எதை எடுப்பது, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்கள். கூடவே, ஒரு முறை முயன்று பார்த்ததில் இன்ஃபோ வரிகள் எதுவுமே வரவில்லை, வார்னிங் வரிகள் மட்டும் இரண்டிரண்டாக வந்தன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு குழப்பத்துக்கும் காரணம் இருக்கிறது, வரிசையாக வருகிறேன்.

எதை எடுப்பது என்பதில் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காதீர்கள். பைத்தானோடு கூடவே வரும் லாகிங் மாட்யூலே போதும். 2003-இல் பைத்தான் 2.3-இலிருந்து அது உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், மில் கணினியில் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. லாகுரு, ஸ்ட்ரக்ட்லாக் என்று வேறு நல்ல லைப்ரரிகளும் உண்டு, பிறகு ஒருநாள் பாருங்கள். இதே கேள்வியை ஜாவாக்காரர் கேட்டிருந்தால் எஸ்எல்எஃப்4ஜே-யோடு லாக்பேக் என்றும், டாட்நெட்காரருக்கு செரிலாக் என்றும், நோட் எழுதுகிறவருக்கு பினோ அல்லது வின்ஸ்டன் என்றும் சொல்லியிருப்பேன். பெயர்தான் மாறும், உள்ளே இருக்கிற லாகர், லெவல், எழுதும் இடம், வரியின் வடிவம் என்ற நான்கு சங்கதி எல்லாவற்றிலும் உண்டு. ஒன்றில் பழகினால் மற்றது அரை நாள் வேலை.

பிரிண்ட் ஏன் போதாது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் நீடாமங்கலம் பக்கம் ஒரு மில்லுக்கு நானும் இதே மாதிரி ஒரு எடைமேடை புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். சம்பா அறுவடை நேரம், தை மாசம், ராத்திரி பகல் பாராமல் நெல் லாரி வந்துகொண்டிருந்தது. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் போன். அடுத்தடுத்து வந்த இரண்டு லாரிக்கும் லோடு எடை 24,310 கிலோ என்று ஒரே எண் சீட்டில் வந்திருக்கிறது. இரண்டாவது லாரி டிரைவர் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டார், மில்காரருக்கும் அவருக்கும் வாக்குவாதம், பின்னால் ஆறேழு வண்டி நிற்கிறது. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், நான் பிரிண்ட் போட்டு வைத்திருந்த அந்தக் கறுப்பு விண்டோவை ஆபரேட்டர் மூடிவிட்டுப் புரோகிராமை மறுபடி திறந்திருந்தார். அவர்மேல் தப்பே இல்லை, நின்றுபோனால் மூடித் திற என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். ஆனால் நடந்ததற்கு ஒரு வரிகூடத் தடயம் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு ராத்திரி, மேடையின் எடையை எண்ணாகக் காட்டும் இண்டிகேட்டர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. உள்ளே பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்குகிறது, அந்த நேரத்தில் இண்டிகேட்டர் சீரியல் கேபிளில் அனுப்பும் ரீடிங் பாதியில் அறுந்து வருகிறது, அதை எண்ணாக மாற்ற முடியாமல் என் புரோகிராமில் எக்செப்ஷன், அதாவது ஓடும்போது எழும் பிழை, வருகிறது. நானோ அங்கே பிழையைப் பிடிக்கும் எக்செப்ட் போட்டு, உள்ளே 'ஒன்றும் செய்யாதே' என்று பொருள்படும் பாஸ் என்று எழுதி அடக்கி வைத்திருந்தேன். அதனால் புரோகிராம் நிற்கவில்லை, முந்தைய லாரியின் எடை அப்படியே வேரியபிளில் தங்கி அடுத்த சீட்டில் அச்சாகிவிட்டது. விவசாயி காசும் மில்காரர் காசும் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. அன்றைக்கு ஃபைலில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும்:

2025-02-11 21:14:07,312 வார்னிங் எடைமேடை.சீரியல்: அரைகுறை ரீடிங் '+0184', வேண்டியது 8 எழுத்து, டோக்கன் 412, கடைசி நல்ல எடை 24310 கிலோ

(தேதி உங்களுக்குக் காட்டுவதற்காகப் போட்டது. டோக்கன் என்பது அந்த லாரிக்குரிய வரிசை எண்.) இந்த வரியை வீட்டில் உட்கார்ந்து படித்தே கேபிளிலிருந்து வருவது அறுந்து வருகிறது என்று சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி ஒரு வரியை எப்படி வரவழைப்பது என்பதுதான் இந்தப் பதில் முழுவதும்.

முதலில் லைப்ரரியின் உள்ளமைப்பு. உங்கள் கோட் பேசுவது லாகரோடு மட்டும். லாகரிடம் ஒரு செய்தியையும் அதன் தீவிரத்தையும் கொடுக்கிறீர்கள், அந்தத் தீவிரம்தான் லெவல். செய்தியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஃபைலிலா திரையிலா என்பது ஹேண்ட்லர் வேலை. நேரம், லெவல், லாகர் பெயர், செய்தி என்று எந்த வரிசையில் வரியை அமைப்பது என்பது ஃபார்மேட்டர் வேலை. ஒரு லாகருக்கு எத்தனை ஹேண்ட்லர் வேண்டுமானாலும் மாட்டலாம். இதில் பெரிய வசதி என்னவென்றால், எங்கே எழுதுவது என்ற முடிவை மாற்ற உங்கள் கோடில் நூறு இடத்தில் கைவைக்க வேண்டாம், ஆரம்பத்தில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். பிரிண்டில் இது நடக்கவே நடக்காது.

லாகர்களுக்குப் பெயர் வைப்பது புள்ளி வைத்து. 'எடைமேடை' என்று ஒன்று, அதன் கீழ் 'எடைமேடை.சீரியல்', 'எடைமேடை.பில்'. எல்லாவற்றுக்கும் மேலே ரூட் என்று பெயரில்லாத ஒன்று. கீழே உள்ள லாகரில் போட்ட செய்தி மேலே மேலே போய் ரூட் வரை சேரும். நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது சுலபம்: கல்லணையிலிருந்து காவிரியும் வெண்ணாறும் பிரிந்து, அது ஏ வாய்க்கால் பி வாய்க்கால் என்று பிரிந்து வயலுக்கு வருகிறதே, அந்தப் பாசன வழியாக இதை நினைத்தால் குழம்பிவிடும். வடிகாலாக நினையுங்கள். வயலிலிருந்து கன்னி வடிகால், அங்கிருந்து பெரிய வடிகால், கடைசியில் ஆறு. எல்லா வயல் தண்ணீரும் ஆற்றுக்கு வந்து சேருகிற மாதிரி எல்லா லாகர் செய்தியும் ரூட்டுக்கு வந்து சேரும். ஆகவே ஹேண்ட்லரை ரூட்டில் மட்டும் மாட்டினால் போதும்.

உங்களுக்கு வார்னிங் வரிகள் இரண்டிரண்டாக வந்த காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் ரூட்டிலும் ஒரு ஹேண்ட்லர் மாட்டி, சீரியல் ஃபைலில் இருக்கும் லாகரிலும் இன்னொன்று மாட்டியிருப்பீர்கள். செய்தி கீழே ஒருமுறை எழுதப்பட்டு, மேலே போய் இன்னொரு முறை எழுதப்படுகிறது. இதே கோளாறு இன்னொரு வழியிலும் வரும்: ஹேண்ட்லர் மாட்டும் வரி ஒரு ஃபங்ஷனுக்குள் இருந்து, அந்த ஃபங்ஷனை ஒவ்வொரு பில்லுக்கும் கூப்பிட்டால், முதல் பில்லுக்கு ஒரு வரி, இரண்டாவதுக்கு இரண்டு, பத்தாவதுக்குப் பத்து என்று பெருகும். லாகரை வாங்க கெட்லாகர் என்று கூப்பிடும்போது அதே பெயருக்கு எப்போதும் அதே லாகர்தான் திரும்பி வரும், புதிதாக ஒன்று பிறப்பதில்லை, அதனால் மாட்டிய ஹேண்ட்லர்கள் சேர்ந்துகொண்டே போகும். செய்தியை மேலே அனுப்பலாமா என்று சொல்லும் ப்ராபகேட் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் முதல் கோளாறு அடங்கும் என்று பல இடங்களில் சொல்வார்கள். அடங்கும்தான், ஆனால் எதற்கு? கீழே மாட்டிய ஹேண்ட்லரைக் கழற்றிவிடுங்கள், அதுதான் நேர்வழி.

சரி, இன்ஃபோ வரிகள் ஏன் வரவில்லை? லெவல்கள் ஐந்து. டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல். உள்ளே இவற்றுக்கு எண்கள் உண்டு, முறையே 10, 20, 30, 40, 50. ரூட் லாகர் ஆரம்பத்திலேயே வார்னிங்கில் வைக்கப்பட்டிருக்கிறது, அதற்குக் கீழே உள்ள எதுவும் வெளியே வராது. புதிதாகத் தொடுகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் இடறுகிற இடம் இது. லாகிங்கின் ஆரம்ப அமைப்பைச் செய்யும் பேசிக்கான்ஃபிக்கில் நீங்கள் லெவலை இன்ஃபோ என்று கொடுத்திருந்தும் வரவில்லை என்று சொல்கிறீர்கள், அப்படியானால் அதற்கு முன்னாலேயே எங்கேயோ லாகிங்.வார்னிங் என்று மாட்யூலை நேரடியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அப்படிக் கூப்பிட்ட உடனே, ரூட்டில் ஹேண்ட்லர் எதுவும் இல்லையென்றால், லைப்ரரி தானாகவே திரைக்கு ஒரு ஹேண்ட்லரை மாட்டிவிடும். பேசிக்கான்ஃபிக்கோ, ரூட்டில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் எதுவும் செய்யாமல் திரும்பிவிடும், எரரும் காட்டாது. பைத்தான் 3.8-இலிருந்து ஃபோர்ஸ் என்று ஒன்று கொடுத்து வலுக்கட்டாயமாக மாற்றலாம். ஆனாலும் என் பேச்சைக் கேட்டால், லாகிங்.இன்ஃபோ, லாகிங்.வார்னிங் என்று மாட்யூலை நேரடியாகக் கூப்பிடும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள்.

இப்போது எழுதும் முறை. மெயின் ஃபைலில், வேறு எந்த வேலையும் தொடங்குவதற்கு முன்னால், பேசிக்கான்ஃபிக்கை ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். அதில் லெவல் இன்ஃபோ. ஃபார்மேட்டில் நேரம், லெவல் பெயர், லாகர் பெயர், செய்தி நான்கும் இருக்கட்டும். ஹேண்ட்லர்ஸ் என்ற இடத்தில் ஒரு பட்டியலாக இரண்டு ஹேண்ட்லர் கொடுங்கள், ஒன்று ஃபைலுக்கு, ஒன்று திரைக்கு. மற்ற எல்லா ஃபைல்களிலும் மேலே ஒரே ஒரு வரி: லாகர் என்ற வேரியபிளுக்கு, முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட நேம் என்பதைக் கொடுத்துக் கெட்லாகர். அவ்வளவுதான். அந்த நேமில் அந்த மாட்யூலின் பெயர் தானாக இருக்கும், அதனால் எந்த ஃபைலிலிருந்து செய்தி வந்தது என்று வரியிலேயே தெரிந்துவிடும். அந்த ஃபைல்களில் ஹேண்ட்லர், லெவல், ஃபார்மேட் எதையும் தொடாதீர்கள்.

எதை எந்த லெவலில் போடுவது? இதற்கு டாக்குமென்டேஷனில் ஒரு விளக்கம் இருக்கிறது, ஆனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு: அந்த வரியைப் பார்த்து யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். மேடையில் வண்டி ஏறியது, எடை நிலைத்தது, சீட்டு அச்சானது, இவை எல்லாம் வழக்கமான நடப்பு. யாரும் எதுவும் செய்ய வேண்டாம், பிறகு கணக்குப் பார்க்க மட்டும் வேண்டும், அதனால் இன்ஃபோ. ரீடிங் ஒருமுறை அறுந்து வந்து, மறுமுறை கேட்டதில் சரியாக வந்துவிட்டது என்றால் வார்னிங். வேலை நடந்துவிட்டது, ஆனால் நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை ஃபைலைப் பார்க்கும்போது இது அடிக்கடி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அந்தச் சீட்டைப் போட முடியாமலே போனால் எரர், ஆபரேட்டர் அப்போதே கையால் எழுதியாக வேண்டும். டேட்டாபேஸே திறக்கவில்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது, இனி எந்தச் சீட்டும் போட முடியாது என்றால் கிரிட்டிக்கல். கேபிளில் வரும் ஒவ்வொரு ரீடிங்கையும் பச்சையாக எழுதுவது டீபக். இண்டிகேட்டர் நொடிக்குப் பல முறை ரீடிங் அனுப்பும், அதை எப்போதும் எழுதிக்கொண்டிருந்தால் ஒரே நாளில் வேண்டிய வரியைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதையாகிவிடும். கான்ஃபிக் ஃபைலில் ஒரு சொல்லை மாற்றினால் டீபக் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை வருகிற அன்றைக்கு மட்டும் மில்லுக்குப் போன் பண்ணி மாற்றச் சொல்லலாம்.

ஆபரேட்டர் தப்பாக ஒரு எண்ணைத் தட்டினால் எரர் போடாதீர்கள். மனிதர் தட்டுவதில் தப்பு வருவது இயல்பு, திரையில் சொல்லித் திருத்த வையுங்கள், லாகில் இன்ஃபோ போதும். எரர் என்று தேடினால் உண்மையான எரர் மட்டும் வர வேண்டும். இதை ஒருமுறை கெடுத்துவிட்டால், பிறகு யாரும் எரர் வரிகளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

செய்தியை எப்படி எழுதுவது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமான பகுதி, ஆனால் எந்த டுட்டோரியலிலும் இதைப் பற்றி அதிகம் இருக்காது. 'எரர் வந்துவிட்டது', 'உள்ளே வந்தேன்', 'இங்கே 2' என்றெல்லாம் எழுதி வைத்தால் பத்து நாள் கழித்து எழுதியவருக்கே புரியாது. தினமும் பேப்பரில் மேட்டூர் அணை நிலவரம் போடுகிறார்களே, அதைப் பாருங்கள். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. நான்கே எண். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது நம் ஊரில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும், அதனால் அந்த நான்கு எண்ணைப் படித்த உடனே ஜூன் 12-இல் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்று டீக்கடையிலேயே முடிவாகிவிடுகிறது. அணையைப் போய்ப் பார்க்காதவர் அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு முடிவெடுக்க முடிகிறது. லாக் வரியும் அப்படித்தான் இருக்க வேண்டும். என்ன நடந்தது, எந்த டோக்கனுக்கு, என்ன மதிப்பு வந்தது, என்ன மதிப்பு வந்திருக்க வேண்டும், புரோகிராம் அதற்கு என்ன செய்தது. எல்லா வரியிலும் இந்த ஐந்தும் வேண்டாம், ஆனால் வார்னிங்குக்கு மேலே போகும் எந்த வரியிலும் டோக்கன் எண் இல்லாமல் இருக்கக் கூடாது.

அளவின் பெயரையும் விடாதீர்கள். 24310 என்றால் கிலோவா, 243.10 என்றால் குவிண்டாலா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொடுத்த பொன்னைப் பற்றி எழுதும்போது எடையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவில்லை, ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தது என்று எந்த எடைக்கல் என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருடம் கழித்துப் படிக்கிறவருக்கும் எதைக் கொண்டு நிறுத்தார்கள் என்பதில் சந்தேகம் வராது. எடைமேடைக்கு லாக் எழுதுகிற நமக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. எந்த இண்டிகேட்டர், எந்த போர்ட், கிலோவா குவிண்டாலா, மூன்றும் லாகில் இருக்கட்டும். இவை மாறாதவை என்பதால் ஒவ்வொரு வரியிலும் வேண்டாம், புரோகிராம் திறக்கும்போது ஒரு வரியில் வந்தால் போதும். அதே வரியில் உங்கள் சாஃப்ட்வேரின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். மில்லில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரியாமல் வேறு பதிப்பின் கோடை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்வது வீண்.

செய்திக்குள் மதிப்பைச் சேர்க்கும்போது எஃப் ஸ்ட்ரிங் (மேற்கோளுக்கு முன் எஃப் போட்டு மதிப்பை உள்ளேயே எழுதுவது) போட வேண்டாம். செய்தியில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் வைத்து, மதிப்பைக் காற்புள்ளி போட்டுத் தனி ஆர்குமென்டாகக் கொடுங்கள். அந்த லெவல் அணைந்திருந்தால் லைப்ரரி வரியைக் கோக்கவே கோக்காது, நொடிக்குப் பல முறை வரும் டீபக் வரிகளில் அது லாபம்.

எக்செப்ஷன். எக்செப்ட் போட்டுப் பாஸ் என்று எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். எக்செப்ட்டுக்குள் லாகர்.எக்செப்ஷன் என்று கூப்பிட்டால், எரர் லெவலில் உங்கள் செய்தியும் அதன் கீழே முழு ட்ரேஸ்பேக்கும் ஃபைலில் விழும். எந்த ஃபைல், எந்த வரி, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரே எக்செப்ஷனை ஐந்து இடத்தில் பிடித்து, ஐந்து இடத்திலும் லாக் செய்து, மறுபடி ரெய்ஸ் செய்யாதீர்கள். ஒரு தப்பு ஐந்து தப்பாகத் தெரியும். யார் அதைக் கையாள்கிறாரோ அந்த இடத்தில் ஒருமுறை போதும். நீங்கள் பிடிக்காமல் விட்ட எக்செப்ஷன் ஒன்று வந்து புரோகிராமே விழுந்தால்? அதற்கு சிஸ் மாட்யூலில் எக்செப்ட்ஹுக் என்று ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் ஃபங்ஷனை வைத்து கிரிட்டிக்கலாக எழுத வையுங்கள். சீரியல் போர்ட்டைத் தனி த்ரெட்டில் படிக்கிறீர்கள் என்றால் அதற்கு இது பாயாது, த்ரெடிங் மாட்யூலுக்கு 3.8-இலிருந்து தனி எக்செப்ட்ஹுக் இருக்கிறது, அதையும் மாட்டுங்கள்.

அப்புறம் தமிழ். இதில் நான் ஒரு முழு வாரத்தை விட்டிருக்கிறேன், நீங்கள் விட வேண்டாம். விண்டோஸில் ஃபைல் ஹேண்ட்லருக்கு என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) சொல்லாவிட்டால் அந்தக் கணினியின் பழைய கோட்பேஜை, அதாவது பழைய எழுத்துப் பட்டியலை, எடுத்துக்கொள்ளும், இங்கே உள்ள கணினிகளில் அது பெரும்பாலும் 1252, அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. என் புரோகிராமில் விவசாயி பெயர் தமிழில் வரும். அந்தப் பெயர் இருந்த வரி ஒவ்வொன்றும் ஃபைலில் விழாமலே போனது, பெயர் இல்லாத வரிகள் ஒழுங்காக விழுந்தன. லாக் எழுதுவதில் தப்பு வந்தால் புரோகிராமை நிறுத்தக் கூடாது என்பது இந்த லைப்ரரியின் கொள்கை, நல்ல கொள்கைதான். அதனால் அது எரரைத் திரையில் காட்டிவிட்டுத் தொடரும். ஆனால் கறுப்பு விண்டோ இல்லாமல் இஎக்ஸ்இ ஆக்கிய புரோகிராமில் அந்தத் திரையும் கிடையாது, சத்தமே இல்லாமல் வரி மறைந்துவிடும். ஆகவே ஹேண்ட்லரில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கட்டாயம் கொடுங்கள். இன்னொன்று, அப்படி விண்டோ இல்லாமல் கொடுக்கும்போது திரைக்கான ஹேண்ட்லரை எடுத்துவிடுங்கள்.

செய்தியைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டால், தாராளமாக எழுதலாம், ஃபைலைப் பார்க்கப்போவது நீங்களும் மில் ஆபரேட்டரும்தானே. நான் வார்னிங், எரர் வரிகளைத் தமிழில்தான் எழுதுகிறேன், ஆபரேட்டரே போனில் வாசித்துக் காட்டிவிடுகிறார். லெவல் பெயர்களை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறேன், தேடும் கருவிகள் எல்லாம் அந்தப் பெயர்களைத்தான் எதிர்பார்க்கும்.

ஃபைல் பெருத்துக்கொண்டே போகாமல் இருக்க ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரைப் போடுங்கள், ஃபைல் நிரம்பியதும் அதைப் பெயர் மாற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும், இதுதான் சுழற்சி. ஒரு ஃபைல் 5 எம்பி, பழையது 10 என்று வைத்தால் மொத்தமே 55 எம்பிதான். ஃபைல் அளவுக்கான மேக்ஸ்பைட்ஸ், பழைய ஃபைல் எண்ணிக்கைக்கான பேக்கப்கவுண்ட் இரண்டில் எது ஒன்று பூஜ்யமாக இருந்தாலும் சுழற்சி நடக்கவே நடக்காது, இரண்டையும் கொடுங்கள். நாளுக்கு ஒரு ஃபைல் வேண்டுமென்றால் டைம்டு ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரில் மிட்நைட் என்று சொன்னால் போதும். மில் வேலைக்கு எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, "பத்தாம் தேதி ஃபைலை அனுப்புங்கண்ணே" என்று சொன்னால் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். சம்பா அறுவடை தொடங்கி முடியும் வரை பழைய ஃபைல்கள் இருக்கும்படி 90 நாளாவது வையுங்கள், எடைத் தகராறு அறுவடை முடிந்து கணக்கு முடிக்கும்போதுதான் கிளம்பும். ஆபரேட்டர் ஐகானை இரண்டு தடவை தட்டி அதே புரோகிராமை இரண்டாகத் திறந்துவிட்டால், ஒன்று பிடித்திருக்கும் ஃபைலை இன்னொன்று பெயர் மாற்ற விண்டோஸ் விடாது, சுழற்சி முறிந்துவிடும். இரண்டு புராசஸ் ஒரே ஃபைலில் எழுதுவதை இந்த லைப்ரரி ஏற்பதும் இல்லை. ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்கும்படி எழுதுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளும் லாகை வைக்காதீர்கள், அங்கே சாதாரண யூசருக்கு எழுத அனுமதி இருக்காது.

நேரத்தைப் பற்றி ஒன்று. மில்களில் இருக்கும் பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். திறக்கும்போது, கணினி காட்டும் இன்றைய தேதி, கடைசிச் சீட்டின் தேதிக்கு முந்தையதாக இருந்தால் கிரிட்டிக்கல் எழுதி, திரையிலும் சொல்லுங்கள்.

கடைசியாக, எழுதக் கூடாதவை. நெல் கொடுக்க வரும் விவசாயியிடம் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வாங்கி உங்கள் சாஃப்ட்வேரில் போடுகிறார்கள் என்றால், அவை லாகில் ஒருபோதும் வரக் கூடாது. டீபக்கிலும் கூடாது. அந்த ஃபைல் வாட்ஸ்அப்பில் கை மாறப்போகிறது என்பதை மறக்காதீர்கள். ஆளை அடையாளம் காட்ட டோக்கன் எண் போதும், வேண்டுமானால் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நம்மை நம்பிக் கொடுத்த எண் அது. வெளியிலிருந்து வரும் எழுத்தை லாகில் போடுவதிலும் கவனம் வேண்டும். 2021 டிசம்பரில் ஜாவாவின் லாக்4ஜே லைப்ரரியில் வெளிப்பட்ட ஓட்டையில், லாகில் எழுதப்படும் ஒரு சொற்றொடரை வைத்தே வெளியாள் அந்த சர்வரில் தன் கோடை ஓட்ட முடிந்தது. பைத்தான் லாகிங்கில் அந்த வழி இல்லை, ஆனாலும் லைப்ரரிகளை அவ்வப்போது புதுப்பித்து வையுங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்று ராத்திரி மெயின் ஃபைலில் பேசிக்கான்ஃபிக், யுடிஎஃப்-8 போட்ட ஃபைல் ஹேண்ட்லர், சீரியல் மாட்யூலில் ஒரு லாகர், பாஸ் என்று இருக்கும் இடங்களில் எல்லாம் லாகர்.எக்செப்ஷன், இவ்வளவு மட்டும். பிரிண்ட்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். முடித்த பிறகு, புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சீரியல் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். ஒரு சீட்டுக்கு நடுவில் கணினியின் பவரை அணைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டுக் கணினியில், மில்லில் வேண்டாம். பிறகு கோடைத் திறக்காமல் லாக் ஃபைலை மட்டும் உங்கள் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். கேபிள் போனது எத்தனை மணிக்கு, எந்த டோக்கன் நடுவில் நின்றது என்று அவர் சொன்னால் மில்லுக்குக் கொடுத்துவிடலாம். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரிகளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து திருத்துவோம்.